கண்ணாடிக் கடையில் ஒரு கலங்கரை விளக்கக் கொலை

"கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிடாதே பாப்பா. இந்தக் கண்ணாடியில ஊசிக் காது ஏன் தெரியலேன்னு சொல்லு, போதும்."

தையல்காரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கவுண்டரின் மேல் வைத்தார். போன வாரம்தான் வாங்கிப் போனது. துடைக்கிற துணிகூட இன்னும் மடிப்புக் கலையாமல் உறைக்குள் இருந்தது.

"அன்னைக்கு நல்லாத்தானே படிச்சீங்க அக்கா? பக்கம் பக்கமாப் படிச்சீங்களே."

"அதான் எனக்கும் புரியல. கதை தெரியுது, நூல் தெரியல."

குடுக்கை கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குடுக்கை என்பது அவள் பெயரில்லை. சின்ன வயதில் அத்தை வைத்த பட்டம், அவசரக்குடுக்கை. நாளாக நாளாக அவசரம் பட்டத்திலிருந்து உதிர்ந்துவிட்டது. ஆளிடமிருந்து உதிரவில்லை.

கடை அத்தையுடையது. முன்பக்கம் சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள், பின்பக்கம் திரை போட்ட சோதனை அறை. தூரப் பார்வையை அத்தை பார்ப்பார். சுவரில் எழுத்துப் பலகை, கையில் லென்ஸ் பெட்டி, முகத்தில் நீதிபதியின் அமைதி. அது முடிந்ததும், படிக்கிற கண்ணாடிக்கான பவரைச் சரிபார்ப்பது குடுக்கையின் வேலை. அதற்கென்று ஓர் அட்டை இருந்தது. அதில் இருந்த வரிகள் பழைய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அத்துப்படி. அட்டையை நீட்டுவதற்குள் ஒப்பித்துவிட்டு எழுந்து போவார்கள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அட்டைக்குப் பதிலாக நாவல். வீட்டிலிருந்து தன் புத்தகங்களைக் கொண்டுவந்து சோதனை நாற்காலிக்குப் பக்கத்தில் ஓர் அலமாரியில் அடுக்கினாள். மேல்தட்டில் துப்பறியும் கதைகள், நடுவில் திகில், கீழே கனமான சரித்திரங்கள். ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்து "படிங்க" என்பாள். படிக்க ஆரம்பித்தவர்கள் நிறுத்தமாட்டார்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். அவ்வளவுதான், குடுக்கைக்குச் சாமி வந்துவிடும். கண்ணாடி வாங்க வந்தவர்கள் கண்ணாடியோடு ஒரு புத்தகத்தையும் வாங்கிப் போனார்கள். திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் நின்று அரட்டையடித்தார்கள். இந்த ஊரில் தன்னைப்போலப் படிக்கிற பைத்தியங்கள் இத்தனை பேரா என்று அவள் மலைத்துப் போனாள்.

இப்போது அந்த அலமாரிக்குத்தான் ஆபத்து.

தையல்காரம்மா போனதும் அத்தை திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"இதோட மூணாவது. முதல்ல பாட்டு டீச்சர், அப்புறம் லிஃப்ட் ரிப்பேர் பண்றவர், இப்போ இவங்க. மூணு பேருக்கும் கிட்டப் பாக்கற பவர் குறைச்சலா இருக்கு. மூணு பேருக்கும் பாத்தது நீ."

"வெளிச்சம் பத்தலையோ என்னமோ அத்தை."

"அட்டை இருந்த காலத்துலயும் இதே பல்புதாண்டி."

"லென்ஸ் அனுப்பறவங்க மாத்தி அனுப்பியிருக்கலாம்."

"நான் அளந்து பாத்துட்டேன். நீ எழுதினதைத்தான் அனுப்பியிருக்காங்க." அத்தை குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. "சனிக்கிழமை கூலிங் கிளாஸ் ஸ்டாண்டு வருது. அதை வெக்க இடம் வேணும். உன் அலமாரியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு. கதை படிக்கறதுக்கு லைப்ரரி இருக்கு. இது கண்ணு பாக்கற இடம்."

"ஏன்னு கண்டுபிடிச்சுட்டா?"

"கண்டுபிடி. அதான் ராத்திரி பகலா கொலைக்கேஸ் படிக்கறியே."

குத்தல்தான். ஆனாலும் குடுக்கை அதை அனுமதியாக எடுத்துக்கொண்டாள். உடனே பாட்டு டீச்சருக்குப் போன் போட்டாள்.

"மேடம், அன்னைக்குச் சோதனை பண்ணினப்போ என்ன படிச்சீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? கலங்கரை விளக்கத்துல காவல்காரன் செத்துக் கிடப்பானே, அதான். பண்ணினது சமையல்காரன்தானே?"

"மேடம், நான் வாயே திறக்கமாட்டேன்."

"அப்போ அவன்தான்."

லிஃப்ட் ரிப்பேர்காரரும் அதே கலங்கரை விளக்கத்தைத்தான் படித்திருந்தார். அவருக்குச் சமையல்காரன் மேல் சந்தேகமில்லை, படகுக்காரன் மேல் இருந்தது. தையல்காரம்மா படித்ததும் அதுவே என்று குடுக்கைக்கே தெரியும், எடுத்துக் கொடுத்ததே அவள்தான். அவளுக்கு உயிரான புத்தகம். தீவில் நாலே பேர், உள்ளே தாழ்ப்பாள் போட்ட கலங்கரை விளக்கம், வெளியே புயல். கடைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் அவள் கை அதன் மேல்தான் போகும்.

துப்பு கிடைத்துவிட்டது. ஆனால் துப்பு இவ்வளவு பக்கத்தில் கிடைக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு புத்தகம் எப்படிக் கண்ணைக் கெடுக்கும்? எழுத்து பெரிதா என்று அளவுகோலை வைத்துப் பார்த்தாள். மற்றப் புத்தகங்களை விடச் சிறிதுதான். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"என்னம்மா, தின்னு பாக்கப் போறியா?" என்றபடி உள்ளே வந்தார் எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரர். சரித்திர நாவல் தவிர வேறெதையும் தொடாதவர். எடுத்துப் போன தடிப்புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். "அரசரோட குதிரை வைத்தியர் கதை. முடிச்சுட்டேன். அடடா, என்ன எழுத்து. அடுத்து என்ன தரப்போறே?"

"இந்தத் தடவை இதைப் படிங்க சார். ஒரே ஒரு தடவை, எனக்காக."

"கலங்கரை விளக்கமா? என்னை விட்டுடு தாயே. மர்மக் கதையில யாரு அமைதியா மூலையில உக்காந்திருக்கானோ அவன்தான் கொலைகாரன். இதுக்கு எதுக்கு முந்நூறு பக்கம்?"

"இதுல எல்லாருமே அமைதியா இருப்பாங்க சார்."

"சரியான ஆளுதான் நீ." சிரித்துக்கொண்டே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே, கவுண்டரில் பிரித்து வைத்திருந்த பக்கத்தைக் குனிந்து வாசித்தார். "கதவு கிறீச்சென்று திறந்தது. உள்ளே கும்மிருட்டு. அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பின்னால் யாரோ மூச்சு விடும் சத்தம்."

ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"சார், கண்ணாடி உங்க கையில இருக்கு."

"அட, ஆமாம்." அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா, கண்ணு தெளிஞ்சிடுச்சு. வீட்டுல சொல்றேன், நம்பமாட்டாங்க."

குடுக்கையும் நம்பவில்லை. அவர் சட்டைப்பையில் எட்டிப் பார்த்த மாத்திரை அட்டையை உருவி அவர் முன்னால் நீட்டினாள். "இது எப்போ காலாவதியாகுதுன்னு படிங்க."

அவர் அட்டையைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், மறுபடி தள்ளிப் பிடித்தார். கை போதவில்லை. "ஒண்ணும் தெரியலையே."

"அப்போ கதையை மட்டும் எப்படிப் படிச்சீங்க?"

"படிச்சேனா? அதுல படிக்க என்னம்மா இருக்கு? கதவுன்னா கிறீச்சுன்னுதான் திறக்கும். உள்ளே கும்மிருட்டா இல்லாம கல்யாண வெளிச்சமா இருக்கும்? நெஞ்சு படபடன்னு அடிச்சுக்காம பின்ன என்ன பண்ணும்? முதல் எழுத்து மங்கலாத் தெரிஞ்சாப் போதும், மிச்சம் தானா வந்துடுது."

குடுக்கைக்கு விளங்கிவிட்டது. பாட்டு டீச்சர், லிஃப்ட் ரிப்பேர்காரர், தையல்காரம்மா, யாருமே படிக்கவில்லை. கதை அவர்களை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது, வார்த்தைகளை அவர்களே போட்டுக்கொண்டு பின்னால் ஓடியிருக்கிறார்கள். அவள் பக்கத்தில் நின்று ஆர்வமாகத் தலையாட்டியிருக்கிறாள்.

மர்மம் அவிழ்ந்தது. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. அலமாரியைக் காப்பாற்ற வேண்டுமானால், பார்த்தவர்களிடமெல்லாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய புத்தகத்தை யார் வேண்டுமானாலும் ஊகித்துவிடலாம் என்று அத்தை முன்னால் அவள் வாயாலேயே சொல்லவேண்டும். மருந்துக்கடைக்காரர் போகும்போது அந்தப் புத்தகத்தையும் அக்குளில் செருகிக்கொண்டு போனார். "இவ்வளவு தூரம் படிச்சாச்சு, அந்த மூச்சு விட்டவன் யாருன்னு பாத்துடறேன்" என்றார்.

சனிக்கிழமை காலையில் கூலிங் கிளாஸ் ஸ்டாண்டு வந்து இறங்கியது. அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் வாசலோரம் சாத்தி வைத்திருந்தார்கள். மறுபடி கண் பார்க்கத் தையல்காரம்மா வந்து உட்கார்ந்ததும் குடுக்கை அத்தையையும் திரைக்குள் இழுத்து வந்தாள்.

"அக்கா, திருப்பிக் கொடுத்த அதே கண்ணாடியைப் போட்டுக்குங்க."

அவள் கையில் கலங்கரை விளக்கம் இல்லை. அதே ஆசிரியரின் இன்னொரு திகில் கதையைப் பிரித்துக் கொடுத்தாள். தையல்காரம்மா தங்குதடையில்லாமல் வாசித்தார். மின்னல் பளிச்சிட்டது, ரத்தம் உறைந்தது, காலடி ஓசை நெருங்கியது.

"நல்லாத்தானே படிக்கறாங்க," என்றார் அத்தை.

"இப்போ இதைப் படிங்க அக்கா." குதிரை வைத்தியர் கதையை அவர் மடியில் வைத்தாள். நடுவில் ஒரு பக்கம்.

தையல்காரம்மா ஆரம்பித்தார். "அரசர் வாளை உருவினார். சபை மூச்சடக்கியது. ஒரே வீச்சில்..." கண்ணைச் சுருக்கினார். "ஒரே வீச்சில் தலையைத் துண்டித்தார்."

அத்தை குனிந்து பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் உதடு துடித்தது. பெட்டியிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துத் தையல்காரம்மாவின் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார். போதவில்லை. இன்னொன்று.

"இப்போ?"

"ஒரே வீச்சில்... பூசணிக்காயை இரண்டாகப் பிளந்தார்." தையல்காரம்மா நிமிர்ந்தார். "பூசணிக்காயா? அரசருக்கு எதுக்குப் பூசணிக்காய்?"

"அதைச் சொல்லமாட்டேன்," என்றாள் குடுக்கை.

அத்தை நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பை அடக்க நேரம் பிடித்தது. "மனப்பாடம் பண்ணிடறாங்கன்னு அட்டையை மாத்தினோம். இப்போ மனப்பாடம் பண்ணாமலே ஒப்பிக்கறாங்க. அப்போ நீ ஆகா ஓகோன்னு சொல்லிட்டுத் திரிஞ்ச கதை?"

குடுக்கை அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆமா அத்தை. வரிக்கு வரி ஊகிச்சுடலாம். யார் வேணா ஊகிச்சுடலாம்."

"அதனால என்ன பாப்பா?" என்றார் தையல்காரம்மா. "நான் நினைச்சது அடுத்த வரியில அப்படியே வந்து நிக்குது பாரு, அந்தச் சுகம் தனி. எனக்கு அதான் வேணும்."

அப்போது திரைக்கு வெளியே யாரோ செருமினார்கள். மருந்துக்கடைக்காரர். கலங்கரை விளக்கத்தைக் கவுண்டரில் தொப்பென்று போட்டார். கண்ணில் தூக்கமில்லை.

"ஏம்மா, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்?"

"என்ன சார் ஆச்சு?"

"கடைசி அத்தியாயம் வரைக்கும் ஒரு வார்த்தை விடாம எனக்கு முன்கூட்டியே தெரிஞ்சுது. கதவு, இருட்டு, மூச்சு, எல்லாம். சும்மா வழுக்கிட்டுப் போனேன். ஆளைக் கோட்டை விட்டுட்டேன். திரும்பிப் போய்ப் பாத்தா, நாலாவது அத்தியாயத்துலயே பச்சையா எழுதி வெச்சிருக்கான். அவசரத்துல தாண்டிப் போயிருக்கேன். நாம ஊகிச்சுட்டே தாண்டி ஓடட்டும்னே எழுதியிருக்கான்மா, எமகாதகன்."

குடுக்கைக்குத் தரையில் கால் நிற்கவில்லை. "அதான் சார். அதைத்தான் சார் நானும் சொல்ல வந்தேன்." சொல்ல வரவில்லை. இந்த நொடிதான் அவளுக்கே அது புரிந்தது. ஆனால் அதை ஒத்துக்கொள்கிற ஆள் அவளில்லை.

"சமையல்காரனா?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் தையல்காரம்மா.

"யாரும் வாயைத் திறக்கக்கூடாது," என்றார் அத்தை. எழுந்து வந்து கலங்கரை விளக்கத்தைக் கையிலெடுத்தார், புரட்டினார். "இது சோதனை அறைக்குள்ள வரக்கூடாது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பற புத்தகமெல்லாம் முன்பக்கம். ஊகிக்க முடியாததை மட்டும் உள்ளே வை. எது எந்தப் பக்கம்னு நான் பாத்துச் சொல்றேன்."

"அப்போ அலமாரி?"

"ஸ்டாண்டை ஜன்னலோரம் போடச் சொல்லு." சொல்லிவிட்டு அத்தை குதிரை வைத்தியரையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். "இதையும் பாக்கணும். அந்தப் பூசணிக்காய் விஷயம்."

அன்றிலிருந்து கடையில் புதுப் புத்தகம் எது வந்தாலும் அதற்கு ஒரு சோதனை உண்டு. பார்வை பார்க்கும்போது ஒரு கண்ணை மறைக்கிற கறுப்புக் கரண்டி ஒன்று இருக்குமே, அதை வைத்து வரியின் பாதியை மூடுவாள் குடுக்கை. மிச்சத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் முன்பக்கம். சொல்ல முடியாவிட்டால் உள்பக்கம். யார் வந்தாலும் விடுவதில்லை. சட்டம் பார்க்க வந்தவர், திருகாணி முடுக்க வந்தவர், மழைக்கு ஒதுங்கினவர், எல்லோரிடமும் கேட்டுவிடுவாள்.

இதோ, இப்போதும் ஒரு புதுச் சரித்திர நாவல் பிரிந்து கிடக்கிறது. வாசற்கதவு திறந்த சத்தம் கேட்டதுமே கரண்டியை வரியின் மேல் வைத்துவிட்டாள்.

"வாங்க வாங்க, கண்ணாடியை அப்புறம் பாக்கலாம். முதல்ல இதைக் கேளுங்க. முற்றுகை போட்டிருக்காங்க, கோட்டைக்குள்ள தண்ணி தீந்துபோச்சு, ராணி நேரா எதிரியோட கூடாரத்துக்கே போறா. போய், தளபதி முகத்தைப் பாத்து, 'எனக்கு உடனே வேண்டியது...' அதுக்கு மேல மறைச்சிருக்கேன். என்ன கேட்டிருப்பா? நீங்க என்ன நினைக்கறீங்க?"