எனக்கொரு ஷவுட்-அவுட்

எங்கள் மருந்து பேக்கிங் அறையில் வாரக் கூட்டம் என்றால் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கூட்டத்தின் கடைசியில் ஷவுட்-அவுட். புது சூப்பர்வைசர் கொண்டுவந்த பழக்கம். அவர் குரலுக்காக நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கணீர்.

"பெரிய விஷயமில்லம்மா. யாராவது நல்லது செஞ்சா நாலு பேர் முன்னால சத்தமா சொல்லிடணும். அவ்வளவுதான் ஷவுட்-அவுட்" என்று வந்த புதிதிலேயே சொல்லியிருந்தார்.

யாருக்கு, எதற்கு என்று சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். எழுதியவர் பெயர் வேண்டாம். அவர் வாசிப்பார், நாங்கள் கைதட்டுவோம்.

நான் திங்கட்கிழமை செய்ததோ வெளியே தெரியக் கூடாத நல்லது. லேபிள் ஒட்டும் மேசையில் இருப்பவள் என் நாத்தனார். குழந்தைகளுக்கான இருமல் மருந்து நாற்பது பாட்டிலில் பெரியவர்களுக்கான அளவு போட்ட லேபிளை ஒட்டி அனுப்பிவிட்டாள். சரிபார்ப்பது என் வேலை. பதிவேட்டில் எழுதினால் அது அவளுக்கு மூன்றாவது தப்பு, வேலை போய்விடும். சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து நாற்பதையும் உரித்து, சரியான லேபிளை ஒட்டினேன். அவளிடமும் மூச்சு விடவில்லை. பேச்சுவார்த்தை இருந்தால்தானே! மாமியார் யார் வீட்டில் இருப்பது என்ற சண்டைக்குப் பிறகு, அவள் என்னை அண்ணி என்று கூப்பிட்டு மூன்று வருஷம் ஆகிறது.

வேன் டிரைவர் மட்டும் பார்த்துவிட்டார்.

"சாப்பிடாம வேலையா? உங்களுக்கு ஒரு ஷவுட்-அவுட் போட்டாகணும்!"

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், போட்டுடாதீங்க."

சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பை எப்படி நம்புவது? அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

கணீர் முதல் சீட்டை எடுத்தார். ஏணியைப் பிடித்துக்கொண்ட எலக்ட்ரீஷியனுக்கு. கைதட்டல். இரண்டாவது யாருக்கோ, என் காதில் ஏறவில்லை. மூன்றாவதைப் பிரித்தார்.

"'திங்கட்கிழமை நாப்பது பாட்டில் லேபிளை உரிச்சு மாத்தின எங்க அண்ணிக்கு.'"

பாவி மனுஷன் போட்டுவிட்டாரே என்று டிரைவரைப் பார்த்தேன். அவர் நானில்லை என்று கைவிரித்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் கடைசிச் சொல் எனக்கு உறைத்தது. இந்த அறையில் எனக்கு நாத்தனார் ஒருத்திதான்.

அவள் எழுந்து நின்றாள்.

"நான்தான் சார் தப்பா ஒட்டினேன். உரிச்ச லேபிளைக் குப்பைத்தொட்டியில பாத்தேன். அண்ணி கவனிக்கலைன்னா ஏதோ ஒரு குழந்தை குடிச்சிருக்கும். இதைச் சொல்லாம என்னால இருக்க முடியல."

யாரும் கைதட்டவில்லை. கணீரின் குரல் முதல்முறையாக இறங்கியது.

"ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க."

"வேலை போயிடுமேடி, பைத்தியக்காரி" என்றேன் நடந்துகொண்டே.

"தெரியும் அண்ணி."

கதவு வரைக்கும் அவள் என் கையை விடவில்லை.