மூன்றாவது உருட்டு

மார்ச் 10, திங்கள்

நேற்றைய ஆட்டத்தில் ஒரு தப்புச் செய்துவிட்டேன். அண்ணியின் ஆளை ஒரு உருட்டு முன்னதாகவே சாகடித்துவிட்டேன்.

முதலிலிருந்து எழுதினால்தான் எனக்கே தெளியும். எங்கள் கணக்கியல் மாலை வகுப்பு நடக்கும் அறை ஞாயிறு மதியம் சும்மா கிடக்கும். அங்கே இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு நாங்கள் நாலு பேர் கதை ஆட்டம் ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரம். அது என்ன செய்கிறது என்று அவரவர் சொல்வார்கள். பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கதையை நடத்துவது நான். அந்தக் கட்டிடத்து லிஃப்டைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனுக்குக் கோடாலி வீரன். என்னோடு படிக்கும் தும்மலுக்கு (வகுப்பில் கரும்பலகையை அழித்தாலே ஆரம்பித்துவிடுவான்) குதிரை வீரன். என் அண்ணிக்கு, எந்தப் பூட்டையும் திறக்கும் சாவிக்காரி.

நேற்று ஒரு பெட்டியைத் திறந்தபோது விஷ ஊசி தைத்துச் சாவிக்காரி விழுந்தாள். விழுந்தவருக்கு மூன்று உருட்டு உண்டு. ஏதாவது ஒன்றில் பத்தோ அதற்கு மேலோ வந்தால் பிழைப்பார். மூன்றும் தவறினால் சாவு. அண்ணிக்கு முதலில் ஆறு, அடுத்து மூன்று. மூன்றைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே குரலில் "ஐயய்யோ" என்றார்கள். அந்தச் சத்தத்தில் நானும் "செத்துட்டா" என்று சொல்லிவிட்டேன். விதிகளை எழுதியவனே நான்தான்.

யாரும் கவனிக்கவில்லை. மெக்கானிக் அண்ணன் உடனே வழி கண்டுபிடித்தார். கதையில் ஆற்றங்கரையில் ஒரு மந்திரக்காரி இருக்கிறாள். கூட வந்தவர்கள் தங்களிடம் உள்ளதில் பெரியதைக் கொடுத்தால் செத்தவரை எழுப்புவாள்.

"என் கோடாலியைக் குடுத்துடறேம்மா. மந்திரக் கோடாலி, சும்மா இல்ல," என்றார்.

"நான் குதிரையைக் குடுக்கறேன். அது வேற எப்பப் பாரு தின்னுக்கிட்டே இருக்கு," என்றான் தும்மல்.

அண்ணி சிரித்தார்கள். ஆனால், "எனக்காக யாரும் எதுவும் குடுக்க வேணாம். அப்படி எழுப்பினா நான் வரலை," என்று சொல்லி எழுந்துகொண்டார்கள்.

இன்று காலை வீட்டில் என் சொந்த அண்ணன் கேட்டான்: "என்னடா, உங்க அண்ணி மூஞ்சியே சரியில்ல?"

"ஆட்டத்துல செத்துட்டாங்க."

"இப்பத்தானே டீ போட்டுக் குடுத்தா?"

அவனிடம் விளக்குவது வீண்.

மார்ச் 12, புதன்

இன்னும் அண்ணியிடம் சொல்லவில்லை. சொன்னால், அவர்களை எழுப்ப நான் ஒரு சாக்குக் கண்டுபிடித்திருக்கிறேன் என்றுதான் நினைப்பார்கள். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்கள். கடை, வீடு இரண்டையும் விட்டால் அவர்கள் போகும் ஒரே இடம் அந்தப் பெஞ்சுதான்.

சாயங்காலம் வகுப்புக்குக் கிளம்பும்போது, எழுப்புவதில் அப்படி என்ன கோபம் என்று மட்டும் கேட்டேன்.

அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறார்கள். வெட்டினார்கள் என்று எழுத வேண்டும். "போன வருஷம் ஒரு லென்ஸை அச்சுக் கோணம் மாத்தி வெட்டிட்டேன், தம்பி. முதலாளி திட்டவே இல்ல. 'பரவால்லம்மா, விடும்மா'ன்னார். மறுநாள்லேருந்து என்னை மிஷின் பக்கமே விடல. பில் போடச் சொல்லிட்டார். திட்டியிருந்தா இன்னைக்கும் வெட்டிக்கிட்டு இருப்பேன்."

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வகுப்பில் தேய்மானக் கணக்கு இரண்டு முறை தப்பாக வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் அண்ணி துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது விதித் தாளை நீட்டிச் சொன்னேன். "மூணு உருட்டு, அண்ணி. ரெண்டுதான் போட்டீங்க. தப்பு என்னுது."

"இது நேத்து எழுதினதா?"

"முதல் நாளே எழுதினது. எல்லார்கிட்டயும் ஒரு நகல் இருக்கு. உங்க பையிலயும் இருக்கும்."

உள்ளே போய்த் தன் நகலை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து, கண் பவர் சீட்டு படிப்பதுபோல் வரி வரியாகப் படித்தார்கள். "சரி. அப்ப வரேன்," என்றார்கள்.

மதியம் நான் மற்ற இருவரிடமும் தப்பை ஒப்புக்கொண்டேன். "கணக்குப்பிள்ளைக்கு மூணு வரை எண்ண வராதா?" என்றான் தும்மல்.

அண்ணி பகடையை எடுத்தார்கள். ஊதவில்லை, கும்பிடவில்லை. போட்டார்கள். அது என் நோட்டில் மோதித் திரும்பி நின்றது. ஒன்பது.

"நோட்டுல பட்டுது! செல்லாது, திரும்பப் போடுங்கக்கா!" என்றான் தும்மல்.

மெக்கானிக் அண்ணன் என் பக்கம் குனிந்தார். "ஒம்போதுக்கும் பத்துக்கும் அப்படி என்னப்பா தூரம்? கண்டுக்காத."

சரி என்று வாய் வரை வந்துவிட்டது. அண்ணி பகடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒன்பது," என்றேன். "நோட்டுல பட்டாலும் செல்லும்னுதான் விதி. சாவிக்காரி செத்துட்டா."

அண்ணி தாளை எடுத்து, சாவிக்காரியின் பெயர்மேல் அழுத்தமாக ஒரு கோடு போட்டார்கள்.

"போன வாரம் நீங்க கத்தினதுல செத்தா. இன்னைக்குத்தான் நான் போட்டுச் செத்தா," என்றார்கள்.

"கோடாலி இன்னும் இருக்கும்மா," என்றார் மெக்கானிக் அண்ணன், மெதுவாக.

"நீங்களே வெச்சுக்கோங்கண்ணே. அடுத்து நான் கொண்டு வர்றவளுக்குச் சண்டை தெரியாது. யாராவது முன்னால நிக்கணுமில்ல?" பிறகு என்னிடம், "ஏன் தம்பி, படகோட்டி வெச்சுக்கலாமா?" என்றார்கள்.

வைத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியாது. படகோட்டிக்கு நான் விதியே எழுதவில்லை. வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

நாளை: வகுப்புக்கு முன், படகோட்டிக்கு விதி எழுதி அண்ணியிடம் காட்ட வேண்டும்.