இடது கன்னம் மஞ்சள், வலது கன்னம் நீலம்

என் வீட்டுக்காரருக்கு ஒரு பொருளின் ஆயுசு முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள மனமே வராது. ஓடாத மின்விசிறி, கண்ணாடி போன கடிகாரம், இழுத்தால் வராத மேசை டிராயர், எதைத் தூக்கிப் போடப் போனாலும் "கிடக்கட்டும், உதவும்" என்பார். எங்கள் ஸ்டூடியோவில் ஆள் நிற்க இடமில்லாமல் போனதற்கு இந்த "உதவும்"தான் காரணம். என்னையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறாரோ என்று எனக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம் உண்டு.

ஸ்டூடியோ என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பின்னறையில் படம் எடுப்போம், முன்னறையில் அதைத் திருத்துவோம். அவர் எடுப்பார், ஆல்பத்துக்குப் பக்கம் அடுக்குவார். பருவை அழிப்பது, கருவளையத்தைக் குறைப்பது, மாப்பிள்ளைக்கு நெற்றியில் கொஞ்சம் முடி வளர்ப்பது எல்லாம் என் பாடு. நிறம் பார்ப்பதும் நான்தான். ஆனால் நிறத்தில் தனக்கும் ஞானம் உண்டு என்று அவர் நம்புகிறார். நம்பிக்கைக்கு யார் தடை போட முடியும்?

முன்பு எங்களிடம் ஒரே ஒரு மானிட்டர்தான் இருந்தது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வேலை பார்த்தோம். காதலிக்கிறவர்களுக்கு அது சரி, எங்களுக்குச் சரிப்படவில்லை. கடைசியில் புது மானிட்டர் இரண்டும் புது கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் வாங்கினோம். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காரும் வாடிக்கையாளருக்கு ஒன்று என்பது திட்டம். விலை குறைவு என்று அவர் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்து வந்த கார்டில் இரண்டு மானிட்டர் செருகத்தான் இடம் இருந்தது.

"இன்னொரு கார்டு எதுக்கு? பழசு நம்மகிட்டயே இருக்கே," என்று அட்டைப்பெட்டி மலைக்குள் தலையை விட்டார். அரை நாள் கழித்துத் தும்மிக்கொண்டே வெளியே வந்தார். கையில் வேறொரு கம்பெனியின் பழைய கார்டு இருந்தது. அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்கணுமே, புதையலே கிடைத்த மாதிரி.

ரிப்பேர்காரரிடம் போனில் கேட்டேன். "ரெண்டு கம்பெனி கார்டு ஒரே பெட்டியில ஓடும்கா. படமும் வரும். ஆனா ஒவ்வொண்ணும் அது இஷ்டத்துக்குக் கலர் காட்டும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது," என்றார் அவர். இதை நான் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அவன் புதுசு விக்கப் பாக்கறான்," என்று முடித்துவிட்டார்.

ஆக, என் மானிட்டரும் வாடிக்கையாளர் மானிட்டரும் புது கார்டில். அவருடையது, பழைய காதல் விடுமா, பழைய கார்டில். ஆளுக்கொரு மவுஸ் வேறு. ஆனால் கம்ப்யூட்டர் ஒன்றுதானே, திரையில் அம்புக்குறியும் ஒன்றுதான். நான் ஒரு கண்ணிமையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது அம்பு சட்டென்று அவர் பக்கம் ஓடிப்போகும். இதனால் ஒருவர் இருக்கும்போது மற்றவர் வேலை செய்வதில்லை என்று ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். காலையில் அவர் வெளியே படம் எடுக்கப் போவார், நான் மேசையில் இருப்பேன். மாலையில் நான் வீட்டுக்குப் போவேன், மேசை அவருடையது.

இந்த ஏற்பாடு நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான் கணக்கு வாத்தியார் ஒருவர் வந்தார்.

அவர் மனைவி நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். காய்ச்சல் என்று படுத்து, எழுந்திருக்கவே இல்லை, ஆறு மாதம் ஆகியிருந்தது. குளத்து வாசலில் அவர் படத்தைப் பெரிதாக மாட்டப்போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டம். இருந்ததோ போனில் எடுத்த ஒரே ஒரு படம். தோளில் துண்டோடு குளத்தின் ஓரத்தில் நின்று, எந்தக் குழந்தையையோ அதட்டத் திரும்பியபோது யாரோ எடுத்தது. மேலே நீலத் தகரக் கூரை. அதனால் அவரும் நீலமாகவே இருந்தார்.

"எவ்வளவு பெரிசா வேணாலும் பண்ணுங்க. அழகாக்க வேண்டாம். அவ நிறம் மட்டும் சரியா வரணும்," என்றார் வாத்தியார்.

"நல்லா பளிச்சுன்னு பண்ணிடலாம் சார்," என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் தொழிலில் நிறம் என்று யாராவது சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"பளிச்சுன்னு வேண்டாம்னுதானே சொல்றேன். அவ நாளெல்லாம் வெயில்ல நின்னவ. கருப்புன்னும் சொல்ல முடியாது, செம்புன்னும் சொல்ல முடியாது." வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "கண்ணை மூடினா முகம் வருதும்மா. நிறம் வர மாட்டேங்குது. ஒரு நாளைக்கு ஒரு மாதிரி வருது. எனக்கே மறந்துபோச்சுன்னா நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

"கல்யாண ஆல்பம் இருக்குமே சார்," என்றேன்.

"அது பவுடர் டப்பா மூஞ்சி."

"உங்க பொண்ணுக்குத் தெரியாதா?"

"அவகிட்ட கேக்க வாய் வரல. அவங்கம்மாவப் பத்தி நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்ல." சொல்லிவிட்டுச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று காலையே உட்கார்ந்து நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். முகத்தில் வெயில் ஏறியது. திருப்தியோடு சேமித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் திறந்தால் அம்மாள் பழையபடி நீலமாக நிற்கிறார். சரியாகச் சேமிக்கவில்லை போலிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடியும் சூடேற்றினேன். அதற்கு மறுநாளும் அதே கதை. எனக்குக் கம்ப்யூட்டர் மேல் கோபம் வந்து, பெட்டியை ஒரு தட்டுத் தட்டினேன்.

நடந்தது இதுதான். மாலையில் என் வீட்டுக்காரர் அதே படத்தைத் தன் மானிட்டரில் திறப்பார். அதில் முகம் மஞ்சளாக வழியும். 'பாவம், அவளுக்குக் கண் களைத்துப்போச்சு' என்று நினைத்து மஞ்சளைக் குறைத்து வைப்பார். சொன்னால் நான் வருத்தப்படுவேனாம், அதனால் சொல்லவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் இந்த மனுஷன் என் மனசு நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான். அதுவும் இப்படிப் போய் முடிந்தது.

வியாழக்கிழமை வாத்தியார் படம் பார்க்க வந்தார். நாங்கள் இருவருமே இருந்தோம். அவர் எதிரே இருந்த மானிட்டரிலும் என்னுடையதிலும் படத்தைப் போட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"குளிர்ல விறைச்ச மாதிரி இருக்காளே," என்றார்.

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. நேற்று நான் வைத்துவிட்டுப் போன முகம் இல்லை இது. "என்னங்க, இதுல நீங்க கை வச்சீங்களா?" என்றேன்.

"மஞ்சள் காமாலை மாதிரி இருந்துச்சு. லேசாக் குறைச்சேன்."

"எத்தனை தடவை?"

"நீ எத்தனை தடவை ஏத்தினியோ அத்தனை தடவை," என்றார். மூளை அப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்திருக்க வேண்டும், குரல் பாதியிலேயே இறங்கிப்போனது.

படத்தை மவுஸால் பிடித்து என் மானிட்டரிலிருந்து அவர் மானிட்டர் பக்கம் மெதுவாக இழுத்து, பாதி இங்கே பாதி அங்கே இருக்கும்படி விட்டேன். மூக்குக்கு நடுவே கோடு போட்டது போல முகம் இரண்டாகிவிட்டது. இடது கன்னம் மஞ்சள், வலது கன்னம் நீலம். வாத்தியாரும் எழுந்து எங்கள் பக்கம் வந்து பார்த்தார்.

"கிடக்கட்டும், உதவும்," என்றேன் நான் வீட்டுக்காரரிடம். அவர் மேசைக்கு அடியில் ஏதோ ஒயரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

வாத்தியார்தான் முதலில் சிரித்தார். "என்னோட சண்டை போட்டா இந்தப் பக்கம் மாதிரிதான் இருப்பா. குளத்துல ரொம்ப நேரம் ஊறிட்டு வந்தா அந்தப் பக்கம்," என்றார். நாங்களும் சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பு நின்றுபோனது. "ஆனா ரெண்டும் இல்லம்மா. எதுன்னு சொல்லத் தெரியல, இது இல்லன்னு மட்டும் தெரியுது. விட்டுடுங்க. படம் இல்லாமலே கூட்டம் நடக்கட்டும்."

அவர் பையை எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக் கஞ்சத்தனத்துக்கும் வறட்டுப் பிடிவாதத்துக்கும் ஒரு மனுஷன் தன் பெண்டாட்டியின் முகத்தையா விட்டுக்கொடுப்பது?

"இருங்க சார்," என்றேன். "முதல்ல எங்க மானிட்டர் ரெண்டையும் உண்மை பேச வைக்கணும். அதுக்கு உசிரோட ஒரு முகம் பக்கத்துல உட்காரணும். அந்த ஆளைப் படம் எடுத்து, ரெண்டுலயும் போட்டு, நேர்ல இருக்கற மாதிரியே தெரியற வரைக்கும் திருகணும்."

"உன் முகத்தையே வச்சுப் பாக்கலாமே," என்றார் மேசைக்கு அடியிலிருந்து என் வீட்டுக்காரர். என் நிறத்தைப் பற்றி இவரிடம் தீர்ப்பு வாங்க நான் தயாராக இல்லை.

"உங்க பொண்ணைக் கூட்டிட்டு வாங்க சார்," என்றேன்.

"அவ ஜாடை அம்மாதான். நிறம் என்னை மாதிரி. ஆபீஸ்ல ஏசியிலயே கிடக்கறவ."

"பரவாயில்ல. யார் முகமா இருந்தாலும் போதும்."

வெள்ளிக்கிழமை காலையில் மகள் வந்தாள். தலைமுடி ஈரமாக இருந்தது, அள்ளி முடிந்திருந்தாள். அப்பாவோடு சேர்ந்து வரவில்லை, தனியாகத்தான் வந்தாள். வாத்தியார் ஏற்கெனவே வந்து வாடிக்கையாளர் நாற்காலியில் இருந்தார். மகள் உள்ளே நுழைந்தபோது, "வா" என்றார், பார்வை திரையிலேயே இருந்தது.

வீட்டுக்காரர் அவளை ஜன்னலோரம் நிறுத்திப் படம் எடுத்தார். பிறகு எங்கள் இரண்டு மானிட்டருக்கும் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார வைத்தோம். நான் என் பக்கத்துக் கார்டின் கலர் அளவுகளைத் திறந்து நகர்த்தினேன். நான் கையை எடுத்ததும் அவர் தன் பக்கத்தை நகர்த்தினார். இரண்டு பேருமாக அந்தப் பெண்ணின் கன்னத்தைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தோம். அவளுக்குக் கூச்சமாகப் போயிருக்கும்.

"இன்னும் கொஞ்சம் சிவப்பு வேணும்," என்றேன்.

"இது போதும்," என்றார்.

"அந்தப் பொண்ணைப் பாத்துச் சொல்லுங்க. உங்க கார்டைப் பாத்துச் சொல்லாதீங்க."

அவர் பார்த்தார். பிறகு சிவப்பைக் கூட்டினார். நான் சொல்லி அவர் கேட்ட நாளைச் சுவரில்தான் எழுதி வைக்க வேண்டும். ஒருவழியாக மூன்று மானிட்டரிலும் ஒரே பெண் தெரிந்தாள், முக்காலியில் இருந்தவளும் அவளேதான்.

அதன் பிறகு அம்மாவின் படத்தைத் திறந்தேன். நானும் அவரும் போட்டு வைத்திருந்த மஞ்சள், நீலம் அத்தனையையும் அழித்து, போனில் எடுத்தது போலவே ஆக்கினேன். "சார், தோள்ல இருக்கற துண்டு என்ன கலர்?"

"வெள்ளை. நானே துவைச்சுப் போட்டது," என்றார் வாத்தியார்.

இத்தனை நாளும் அந்தத் துண்டு என் மானிட்டரில் ஒரு நிறம், வீட்டுக்காரர் மானிட்டரில் ஒரு நிறம் என்று இருந்தது, எதை நம்புவது? இப்போது இரண்டும் ஒத்துப்போயின. துண்டு வெள்ளையாகும் வரை கூரையின் நீலத்தை எடுத்தேன். முகத்தை நான் தொடவே இல்லை. நீலம் போகப் போக, அது தானாகத் தன் நிறத்துக்கு வந்தது. கருப்பும் இல்லை, செம்பும் இல்லை.

"இதான்," என்றார் வாத்தியார். "இதான்மா. இவதான்."

என் வீட்டுக்காரர் திரையைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். "சார், பொண்ணு உங்க நிறம்னீங்க. அம்மாவும் பொண்ணும் ஒரே நிறமால்ல இருக்காங்க," என்றார்.

வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்து, திரும்பி மகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ எப்ப இப்படி ஆன?" என்றார். "ஏசியில உட்கார்ந்திருக்கறவளுக்கு ஏது இவ்வளவு வெயில்?"

அவள் ஈர முடியை இறுக்கி முடிந்துகொண்டாள். "ஆபீஸை மத்தியானத்துக்கு மாத்திக்கிட்டேன்ப்பா. காலையில குளத்துக்குப் போறேன். அம்மாவோட கிளாஸை நான்தான் எடுக்கறேன்."

"எப்பலேர்ந்து?"

"அம்மா போன அடுத்த வாரத்துலேர்ந்து. குழந்தைங்க வந்து வந்து பாத்துட்டுத் திரும்பிப் போனாங்கன்னு சொன்னாங்க. கேட்டுட்டு வீட்ல உட்கார்ந்திருக்க முடியல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"தினமும் உங்க முன்னாடிதானே வந்து நிக்கறேன்," என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீங்கதான் என்னைப் பாக்கவே இல்ல."

நான் மவுஸைத் தொட்டு, படத்தை என்ன அளவில் அனுப்பட்டும் என்று கேட்கப் போனேன்.

"படம் இருக்கட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் வாத்தியார், மகள் மேலிருந்து கண்ணை எடுக்காமல். "இவ கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்திருக்கட்டும்."

நான் எழுந்துபோய் அவர் நாற்காலியை மகளுக்கு நேராகத் திருப்பிப் போட்டேன்.