ஜெயரோஜா என்கிற ஜெரூஷா

"அத்தா, பேரை மாத்திக்கிட்டா அல்லாவுக்கு ஆள் அடையாளம் தெரியுமா?" என்று மகள் ஹஃபீசா கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது.

அயூப் யோசிக்கவே இல்லை. "அவனுக்குத் தெரியும்மா. பாஸ்போர்ட் ஆபீஸுக்குத்தான் தெரியாது."

தாம்பரம் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் டைப்பிங் கடை வைத்திருந்தார் அயூப். கெசட்டில் பெயர் மாற்ற மனு அடிப்பதுதான் முக்கால்வாசி வேலை. கல்யாணம், மதமாற்றம், எழுத்துப்பிழை என்று ஆளுக்கொரு காரணத்தோடு வருவார்கள்.

ஒரு வியாழக்கிழமை ஜெரூஷா டீச்சர் வந்தார். பத்தாம் வகுப்பில் அயூப்புக்குக் கணக்கு எடுத்தவர். டீச்சருக்கு இந்த மாணவனை நினைவில்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஜெரூஷா; பள்ளியில் சேர்த்த அன்று எழுதியவர் காதில் அது ஜெயரோஜா என்று விழுந்துவிட்டது. சான்றிதழிலெல்லாம் ஜெயரோஜா, ஆதாரில் ஜெரூஷா. சிங்கப்பூரில் மகள் பிளஸ்ஸிக்கு மார்ச்சில் பிரசவம். கெசட் வந்தால்தான் பாஸ்போர்ட்.

"நியூமராலஜின்னு போட்டுடலாம் டீச்சர். ஆதாரம் எதுவும் கேக்க மாட்டாங்க."

"நம்பாததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றியாப்பா?"

"எல்லாரும் போடுறாங்களே."

"நான் கணக்கு டீச்சர்ப்பா. கூட்டுத்தொகை பார்த்துப் பேரை மாத்தினேன்னா பசங்க சிரிப்பாங்க."

"அப்போ எழுத்துப்பிழைதான். ஞானஸ்நான சர்டிபிகேட் வேணுமே."

"அது செங்கல்பட்டு சர்ச்சுல இருக்கு. ரெண்டு லெட்டர் போட்டேன், பதிலே இல்லை. இந்த முட்டியோட ஸ்டேஷன் படி ஏற முடியாது. அம்மா வரலைன்னு பிளஸ்ஸிகிட்ட சொல்லிடறேன்."

ஆதார் நகலை மேசையிலேயே மறந்துவிட்டு டீச்சர் போய்விட்டார்.

அயூப் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்பில் தன்னுடைய கோணல் கையெழுத்தால் ஹால் டிக்கெட்டில் அயூப், அனூப் ஆகி வந்தது நினைவுக்கு வந்தது. பரீட்சை எழுத முடியாது என்று அழுதவனுக்காக, இந்த டீச்சர் மூன்று நாள் லீவு போட்டு அலைந்து பெயரைத் திருத்தி வாங்கினார். நல்லது செய்தவர்களுக்கு அது மறந்துபோவதும் ஆண்டவன் ஏற்பாடுதான்.

சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுச் செங்கல்பட்டு ரயில் ஏறினார். பாஸ்டர் இரண்டு மணி நேரம் பழைய பதிவேடுகளைப் புரட்டினார்.

"அவங்க உங்களுக்கு என்ன வேணும், பாய்?"

"நான் அவங்க ஸ்டூடண்ட்."

பாஸ்டர் வேறெதுவும் கேட்காமல் முத்திரை குத்திக் கொடுத்தார்.

ஞாயிறு காலை, டீச்சர் ஆராதனைக்குப் போயிருந்த நேரம். சான்றிதழையும் ஆதார் நகலையும் ஓர் உறையில் போட்டு, ஆதாரில் இருந்த விலாசத்துக்குப் போய், கேட்டில் இருந்த தபால் பெட்டிக்குள் தள்ளினார் அயூப். உறைமேல் டீச்சர் பெயரை மட்டும் எழுதியிருந்தார்.

தெருவில் யாரும் இல்லை. வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் முனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.