இரண்டும் சொன்ன நேரம்

தங்கை கார்த்திகாவின் போன் வந்தபோது பாலகுமார் தீவுத் தலைநகரில், லம்பா லைன் வீட்டில் ஒரு ரிசார்ட்டுக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தார். வடக்கே பல மணி நேரப் பயணத்தில் இருக்கும் சொந்த ஊரான ரங்கத்தில் அப்பா குழந்தைவேலு சற்று முன்தான் இறந்திருந்தார். அங்கே இருந்த ஒரே ஐஸ் பெட்டி வேறொரு சாவு வீட்டில் இருந்தது. இந்தப் புழுக்கத்தில் மறுநாள் வரை தாங்காது, இரவானாலும் இன்றே எடுத்துவிடவேண்டும், கொள்ளி வைக்க ஒரே மகன் வந்துவிட வேண்டும் என்றாள் தங்கை.

ரங்கத்துக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடிகளின் காட்டைக் கடந்து போகிறது. அதற்குள் எந்த வண்டியும் தனியாகப் போக முடியாது. ஜிர்காடாங் கேட்டில் காத்திருந்து, போலீஸ் காவலோடு வரிசையாக, கான்வாயாகத்தான் போக வேண்டும். கேட் நேரம் அவ்வப்போது மாறும். அதனால் புறப்படுமுன் கேட் அருகே டீக்கடை வைத்திருக்கும் முருகையாவுக்குப் போன் போட்டுக் கேட்பது தமிழ்க் குடும்பங்களின் வழக்கம்.

அன்று பாலகுமார் போன் போடவில்லை. போட்டால் என்ன அவசரம் என்று அவர் கேட்பார். அப்பா இறந்துவிட்டதை வாயால் சொல்ல வேண்டியிருக்கும்.

அவருடைய தொழிலே தேடல்தான். சுற்றுலாக் கம்பெனிகளின் பக்கங்களைத் தேடுபொறியில் முதலிடத்துக்குக் கொண்டுவந்து பிழைத்தவர். பிறகு கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் புதிய செயலி ஒன்று போட்டிக்கு வந்தது. பழைய தேடுபொறியும் விட்டுக்கொடுக்காமல் தானே பதில் சொல்லத் தொடங்கியது. பதில் மேலேயே கிடைத்துவிட்டதால் கீழே உள்ள பக்கங்களை யாரும் திறப்பதில்லை. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இரண்டையும் அவர் திட்டுவார். இரண்டும் இல்லாமல் அவருக்கு வேலையும் ஓடாது.

கடைசி கான்வாய் எப்போது என்று அன்று இரண்டிலும் கேட்டார். இரண்டும் மூன்று மணி என்றன.

காரில் ஏறும்போது மனைவி சௌமியா சொன்னாள்: “முருகையா அண்ணாச்சிக்கும் ஒரு போன் போட்டுருங்களேன்.”

“எதிரும் புதிருமா இருக்கறது ரெண்டும் ஒரே டைம்தான் சொல்லுது. அப்புறம் என்ன?”

கேட்டை அடைந்தபோது மூன்றாகவில்லை. ஆனால் தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது, சாலையில் ஒரு வண்டியும் இல்லை. பாலகுமார் இந்தியில் எவ்வளவோ மன்றாடினார். காவலர் கடுமையாகப் பேசவில்லை. முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினார்.

முருகையா டீக்கடையிலிருந்து இறங்கி வந்தார்.

“கேட் பந்த் ஆயிடுச்சு தம்பி. ரோடு வேலை நடக்குதுல்ல, போன மாசத்துலேர்ந்து ரெண்டரைதான் லாஸ்ட். ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? போலீஸ்கிட்ட சொல்லிக் கான்வாயக் கொஞ்சம் நிறுத்தியாவது வச்சிருப்பேன்.”

சௌமியா விஷயத்தைச் சொன்னாள். முருகையா கடை பெஞ்சைத் துடைத்துவிட்டார்.

பாலகுமார் பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி போனைத் திறந்தார். செயலி சொன்ன பதிலின் அடியில், அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது சிறிய எழுத்தில் இருந்தது. தொட்டார். அதே சாலையில் வரும் பாராடாங் தீவின் சுற்றுலா பற்றிய பக்கம். மூடிப்போன ஒரு டிராவல்ஸுக்காக நாலு வருடத்துக்கு முன் அவரே எழுதியது. தேடுபொறியைத் திறந்தார். அதுவும் அதே பக்கத்தைத்தான் காட்டியது. அன்று அதில் எழுத, கான்வாய் நேரத்தை முருகையாவிடம்தான் கேட்டிருந்தார்.

ரங்கத்துக்கு இன்று படகும் இல்லை என்று சௌமியா ஏற்கெனவே விசாரித்திருந்தாள். இனி நாளைக் காலைதான் என்று கார்த்திகாவுக்கும் அவளே சொல்லிவிட்டாள்.

சற்று நேரத்தில் கார்த்திகா அழைத்தாள். பின்னால் பலர் பேசும் சத்தம்.

“அண்ணே, இதுக்கு மேல அப்பாவ வச்சிருக்க முடியாதுங்கறாங்க. சித்தப்பா மவன் உதயா கொள்ளி வைக்கட்டும்னு ஒரே பேச்சு. நான் விடல. நானே வைக்கிறேன்னு சொல்லிட்டேன். நீ சரின்னு சொன்னாத்தான் கேப்பாங்களாம்.”

ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அங்கே பேச்சு நின்றது.

“என் தங்கச்சிதான் வைக்கணும்” என்றார் பாலகுமார். “எடுத்துருங்க.”

“வீடியோ போடட்டா? முகம் பாக்குறியா?”

அவர் போனை வெறித்துப் பார்த்தார். “வேணாம்மா.”

இருட்டுவதற்குள் சிதை மூட்டியாயிற்று என்று செய்தி வந்தது. முருகையா எதுவும் கேட்காமல் கடைக்குப் பின்னால் டிரம்மிலிருந்து வாளியை நிரப்பி வைத்தார். பாலகுமார் சட்டையைக் கழற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். சௌமியா தண்ணீரை மொண்டு அவர் தலையில் ஊற்றினாள். மூன்றாவது குவளைக்குத்தான் அவருக்கு அழுகை வந்தது.