கம்பி டாக்டரின் வலது முட்டி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். மணிக்கட்டு முறிந்து, அறுவைக்கு முன் காத்திருக்கும் அறையில் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலுக்கும் எனக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை. அதற்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல், "மேடம், இந்தக் கால் இல்லையே?" என்றது. அந்த மேடம் ஓர் எலும்பு டாக்டர் என்பது உட்பட, மற்றதெல்லாம் நான் கட்டியது. முகம் தெரியாதவர்களைப் பேசவிடுவது எனக்குச் சுலபம், நடக்கவிடுவதுதான் கஷ்டம்.

2

முதல் தொடக்கம்: எலும்பு மருத்துவ வானில் விடிவெள்ளியாக உதித்த அவர்

(வேண்டாம். இரங்கல் கூட்டம் மாதிரி இருக்கிறது. அவர் உயிரோடு இருக்கிறார், அதுவும் கோபமாக.)

இரண்டாவது தொடக்கம்: தொடை முறிந்தவர்கள் காலில் எடை கட்டி மாதக்கணக்கில் கிடந்த காலத்தில், எலும்புக்குள்ளே கம்பி செலுத்தி, எழுப்பி நடக்கவைத்தவர் அவர். ஊரிலேயே முதல் ஆள். நோயாளியின் மாமியார் சண்டைக்கு வந்தாராம்.

"மனுஷனுக்குள்ள கம்பியா? மழையில நனைஞ்சா துருப்பிடிக்காதா?"

"மழையில போய் நிக்கற அளவுக்கு உங்க மாப்பிள்ளை தேறட்டும். அப்புறம் பேசலாம்."

அன்றிலிருந்து அவர் கம்பி டாக்டர்.

3

இப்போது அவருக்கே வலது முட்டி தேய்ந்துவிட்டது. மாற்று மூட்டு வைக்கப்போகிறவர் அவருடைய பழைய மாணவர், இன்றைய துறைத் தலைவர். டாக்டரின் நிபந்தனை: முழு மயக்கம் கூடாது, இடுப்புக்குக் கீழே மரத்தால் போதும். எதிரே ஒரு கண்ணாடி வேண்டும்.

"கண்ணாடி எதுக்கு மேடம்?"

"நீ பண்றதைப் பார்த்துச் சொல்லத்தான். உன் கை எப்பவும் கொஞ்சம் சாயும்."

"அது படிக்கிற காலத்துல. எனக்கே தலை நரைச்சிடுச்சு."

"நரைச்சா கை நேராயிடுமா?"

(இந்த மாணவர்மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு பயந்தவர் எப்படித் துறைத் தலைவரானார்? "கொஞ்சம் சும்மா இருங்க மேடம்" என்று ஒரு வசனம் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.)

4

எந்தக் கால் என்று மையால் அம்புக்குறி போட்ட பிறகுதான் உள்ளே கொண்டுபோவார்கள். வெட்டுகிறவர்தான் போட வேண்டும். டாக்டர் பேனாவைப் பிடுங்கினார்.

"நகரு. நானே போட்டுக்கறேன்."

போட்டார். இடது காலில்.

எழுதும்போது சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. வாழ்நாளெல்லாம் நோயாளிக்கு எதிரே நின்றவர். அவர்களுடைய வலது கால் எப்போதும் இவருடைய இடது கைப்பக்கம். கை பழகிய பக்கம் போய்விட்டது. கட்டிலில் கிடப்பது இவரேதான் என்பதை அந்தக் கைக்கு யாரும் சொல்லவில்லை.

"மேடம், இந்தக் கால் இல்லையே?"

(இங்கே மௌனம். எனக்கு மௌனம் எழுத வராது. தாண்டிவிடுகிறேன்.)

"தெரியும்பா. நீ கவனிக்கிறியான்னு பார்த்தேன்."

5

முடிவு ஒன்று: மாணவர் "நல்ல டெஸ்ட் மேடம்" என்று சிரித்துவிட்டுக் கண்ணாடிக்குச் சொல்லி அனுப்புகிறார். உள்ளே உத்தரவு பறக்கிறது. "இடது பக்கம் தள்ளு, இன்னும் இடது" என்று அவர் கண்ணாடியைப் பார்த்துக் கத்த, மாணவர் கை பழையபடி சாய்ந்து

(நிறுத்திவிட்டேன். எனக்கே முட்டி வலிக்கிறது.)

முடிவு இரண்டு:

"டெஸ்ட் இல்ல மேடம். தப்பு."

"என்ன சொன்னே?"

"தப்பாப் போட்டுட்டீங்க. கண்ணாடியிலயும் எல்லாம் மாறித்தான் தெரியும். நீங்க பேசினா என் கை உங்க பேச்சைத்தான் கேக்கும், முட்டியைக் கேக்காது. தூங்குங்க மேடம்."

சத்தியமாக இதை நான் எழுதவில்லை. அவராகச் சொன்னார்.

இனி டாக்டர் வாய் திறக்க வேண்டும். "சரி" என்றால் கால் பிழைக்கும். "முடியாது" என்றால் அவர் அவராகவே இருப்பார். காது கொடுத்துக் கேட்டுப் பார்த்துவிட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்தான் வருகிறது.

மயக்க டாக்டர் வந்து நிற்கிறார். எந்த ஊசி, முழு மயக்கமா, இடுப்புக்குக் கீழே மட்டுமா என்று கேட்கிறார்.

உங்களைத்தான்.