பிடி

மைத்துனன் இறந்த மூன்றாவது வாரத்தில் லிஃப்ட் மெக்கானிக்கின் வலது கை மூடிக்கொண்டது. காலையில் பல் துலக்கிவிட்டு பிரஷ்ஷைக் கீழே வைக்கப் போனான். விரல்கள் அதை விடவில்லை. இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எதைப் பிடித்தாலும் அப்படித்தான். ஒருநாள் பேருந்தில் கம்பியை விட முடியாமல் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், அடுத்ததில் இறங்கி நடந்து வந்தான். மனைவியிடம் தூங்கிவிட்டதாகச் சொன்னான்.

இறந்தவன் அவளுடைய ஒரே தம்பி. ஆறடிக்கு மேல் உயரம், உடம்பில் சதையே கிடையாது. வேலையிடத்தில் எல்லோருக்கும் அவன் ‘ஒட்டடை’. ஏணி கிடைக்காத நாளில், “ஒட்டடையைக் கூப்பிடு, அவன் நின்னுகிட்டே பார்த்துடுவான்” என்பார்கள். அவனைத் தொழிலுக்கு இழுத்து வந்தவனே மெக்கானிக்தான். எட்டு வருடம் இருவரும் ஒரே பையில் சாமான் போட்டுக்கொண்டு போய் வந்தார்கள்.

ஒரு விடுமுறை நாளில், ஆள் இல்லாத அலுவலகக் கட்டடத்தின் எட்டாவது மாடியில் லிஃப்ட் கதவைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். லிஃப்ட் குழிக்குக் குறுக்கே போட்டு மைத்துனன் நின்றிருந்த பலகை பிளந்தது. இடுப்பு பெல்ட்டின் கொக்கியும் தாங்கவில்லை.

“நான் ஓடிப் போறதுக்குள்ள போயிட்டான். அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.” கம்பெனியில், போலீஸில், மாமியாரிடம், மனைவியிடம், எல்லோரிடமும் மெக்கானிக் இதையேதான் சொன்னான். மனைவி அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பாள். அவனும் சொல்வான்.

அவள் மருத்துவமனை லாண்டரியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் பிரிவில் இருந்தாள். ஒன்றேகால் வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே அவனை அங்கிருந்த கை டாக்டரிடம் இழுத்துப் போனாள். எலும்பு நன்றாக இருக்கிறது, நரம்பும் நன்றாக இருக்கிறது என்று சொன்ன டாக்டர், பதினான்காம் எண் அறைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

“அது மனசு டாக்டரா?” என்றான்.

“மனசையும் பார்ப்பாங்களாம், உடம்பு வழியா. எங்க ஆளுங்க சுவரம்மான்னு சொல்வாங்க. வர்றவங்களையெல்லாம் சுவரைத் தள்ளச் சொல்வாங்களாம்.”

“சுவரைத் தள்ளினா கை சரியாகுமா? நல்ல கதை.”

“போய்த் தள்ளிட்டு வாங்க. சுவர் விழுந்தா ஆஸ்பத்திரிக்காரங்க பார்த்துக்குவாங்க.”

சுவரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். காலில் ரப்பர் செருப்பு, மேஜை மேல் ஒரு காகிதம்கூட இல்லை.

“நடந்ததைச் சொல்லணுமா?” என்று எடுத்த எடுப்பில் கேட்டான்.

“வேண்டாம். நீங்களா சொன்னா கேட்டுக்குவேன். இப்ப அந்த நாற்காலி உங்கள எங்கெங்க தாங்குது, அதைச் சொல்லுங்க.”

“நாற்காலி வேற எங்க தாங்கும்? பின்னாடிதான்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “சரி. பாதம்?”

குனிந்து பார்த்தான். குதிகால் இரண்டும் தரையில் படவே இல்லை. கட்டைவிரல்கள் செருப்புக்குள் எதையோ கவ்வியதுபோல் வளைந்திருந்தன. எத்தனை நாளாக இப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. குதிகாலைக் கீழே வைக்கச் சொன்னார். வைத்தான். மூச்சை இழுப்பதைவிடக் கொஞ்சம் நீளமாக வெளியே விடச் சொன்னார். விட்டான். முதல் நாள் அவ்வளவுதான். அன்று மத்தியானம் வீட்டில் படுத்தவன் மூன்று மணி நேரம் தூங்கினான்.

இரண்டாவது வாரம் சுவர் வந்தது. இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி முழு பலத்தோடு தள்ளச் சொன்னார். தள்ளத் தள்ளத் தொடையில் தொடங்கிய நடுக்கம் தோள் வரை ஏறியது. பயந்துபோய்க் கையை எடுத்தான்.

“நடுங்கட்டும். நிறுத்தவும் வேண்டாம், அதிகப்படுத்தவும் வேண்டாம். தாங்க முடியலைன்னா ஜன்னலைப் பாருங்க. வெளிய என்ன தெரியுது?”

“ஸ்கூட்டர். ஒரு வருஷமா கழுவாத ஸ்கூட்டர்.”

“என்னோடதுதான். இன்னும் கொஞ்சம் மரியாதையா சொல்லலாம்.”

நடுக்கம் அடங்கிய பிறகு அவர் சொன்னார்: “ஆபத்து வந்தா உடம்பு ஓடப் பார்க்கும், இல்ல பிடிச்சு இழுக்கப் பார்க்கும். அது பாதியில நின்னுபோனா, முடிஞ்சுதுன்னு உடம்புக்குத் தெரியாது. இன்னும் நடக்குதுன்னே நெனச்சுக்கும். தலைக்குத் தேதி தெரியும். தசைக்கு ஏது காலண்டர்?”

அதன்பின் அவன் வாரம் தவறாமல் போனான். காதுவரை ஏறியிருந்த தோள் இறங்கியது. லிஃப்ட் மணி ஒலித்தால் வியர்ப்பது குறைந்தது. கை மட்டும் பிடித்ததை விட மறுத்தது.

ஆறாவது வாரம் சுவரம்மா ஒரு துண்டின் ஒரு முனையை அவனிடம் கொடுத்து, மறு முனையைத் தான் பிடித்துக்கொண்டார். “இழுங்க.” இழுத்தான். தொண்டையிலிருந்து அவன் இதுவரை கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. “நல்லது. இப்ப மெதுவா, சுண்டுவிரல்ல ஆரம்பிச்சு, ஒவ்வொண்ணா விடுங்க.”

அவன் முகம் வெளுத்தது. எழுந்து, துண்டோடு வெளியே போய்விட்டான். அப்புறம் மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

“எங்க லாண்டரி முத்திரை போட்ட துண்டு நம்ம வீட்டுக்கு எப்படி வந்துச்சு?” என்று மனைவி கேட்டதற்கும் மழுப்பினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கொடியிலிருந்து எடுத்த படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை அவனிடம் நீட்டினாள். இருவரும் எதிரெதிரே நின்று இழுத்துச் சுருக்கம் நீக்கினார்கள். மடிப்பதற்காக அவள் தன் பக்கம் இழுத்தாள். துணி வரவில்லை.

“விடுங்க.”

அவன் விடவில்லை.

“விடுங்கன்னா!” என்று சிரித்துக்கொண்டே வெடுக்கென்று இழுத்தாள். பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் குதிகாலைத் தரையில் அழுத்தினான். மூச்சை நீளமாக விட்டான். இன்னொரு முறை விட்டான்.

“பிடிச்சேன்,” என்றான்.

“எதை?”

“அவனை. நான் போறதுக்குள்ள விழுந்துட்டான்னு சொன்னது பொய். பலகை பிளந்ததும் வாசற்படியைப் பிடிச்சுத் தொங்கினான். குப்புற விழுந்து அவன் மணிக்கட்டைப் பிடிச்சுட்டேன். கால்விரலைக் கதவு இடுக்குல மாட்டிக்கிட்டேன். கத்தினேன். லீவு நாள், யார் வருவா? தரையில ஊன்றியிருந்த இடது கையில வாட்ச். நாலு நிமிஷம். அவன் கத்தவே இல்ல. ‘மாமா, நீங்களும் விழுந்துடுவீங்க, விட்டுடுங்க’ன்னான். நான் விடல. சத்தியமா நான் விடல. விரல்தான்… சுண்டுவிரல் மொதல்ல. அப்புறம் ஒவ்வொண்ணா.”

அவள் விரிப்பைக் கீழே போட்டாள். அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை.

“அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னீங்களே,” என்றாள். “அதை வச்சுக்கிட்டுத்தானே நான் இத்தனை நாள் எழுந்திரிச்சு வேலைக்குப் போனேன். எத்தனை தடவை உங்க வாயால கேட்டேன்.”

“உனக்காகத்தான் அப்படி…”

“எனக்காக ஒண்ணும் இல்ல.”

சாயங்காலத்துக்குள் ஒரு பையில் நாலு உடுப்பை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மெக்கானிக் துண்டைத் துவைத்து எடுத்துக்கொண்டு பதினான்காம் எண் அறைக்குப் போனான். எல்லாவற்றையும் சொன்னான். உன் மேல் தப்பில்லை என்று சுவரம்மா சொல்லவில்லை. நெடுநேரம் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலு நிமிஷம் இந்த ஒரு கை ஒரு ஆளைத் தாங்கியிருக்கு,” என்றார். “அதால முடிஞ்சது அவ்வளவுதான். அது இன்னும் தாங்கிக்கிட்டே இருக்கு.”

அவனே துண்டை எடுத்து நீட்டினான். சுண்டுவிரலை விட ஐந்து நிமிடம் ஆனது. ஐந்து விரலுக்கும் அரை மணி நேரம். நடுவில் இரண்டு முறை ஜன்னலைப் பார்த்தான். கடைசியில் துண்டு தரையில் விழுந்தது. விரிந்த உள்ளங்கையில் நகம் பதிந்த நான்கு பிறைகள் கறுத்துக் கிடந்தன. அதைப் பார்த்து அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். விபத்து நடந்த நாளிலிருந்து அவன் பயந்துகொண்டே இருந்தானே தவிர, ஒட்டடைக்காக ஒருமுறைகூட அழுததில்லை. ஊர் அறிய என்றோ செத்துப்போனவன், அவனுக்கு அன்றைக்குத்தான் செத்தான்.

“இது குணமா?” என்று மூக்கைச் சிந்தியபடி கேட்டான். “முன்னைவிட வலிக்குது.”

“மறக்க வைக்கிற வைத்தியம் எங்கிட்ட இல்லப்பா,” என்றார் சுவரம்மா. “முடிஞ்சுபோச்சுன்னு உடம்புக்குச் சொல்ல முடியும். அதுக்கப்புறம் வர்றது துக்கம். அதை எல்லாரையும் போல நீங்களும் படணும்.”

பன்னிரண்டாவது நாள் மனைவி திரும்பி வந்தாள். பையைக் கீழே வைக்காமலே வாசலில் நின்று கேட்டாள்: “அவன் கை சூடா இருந்துச்சா?”

“இருந்துச்சு. வேர்த்திருந்துச்சு.”

“எங்க பிடிச்சீங்க?”

தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினான். அவள் உள்ளே வந்து, சாப்பாட்டு மேஜையில் கையை நீட்டி வைத்தாள். “பிடிங்க. நாலு நிமிஷம்.”

“வேண்டாம்மா.”

“பிடிங்க.”

பிடித்தான். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நிமிடத்தில் அவள் கை விறைப்பாக இருந்தது. இரண்டாவது நிமிடத்தில் நடுங்கியது. மூன்றாவது நிமிடம் முடியும்போது அவள் உதடு கோணியது.

“இவ்வளவு நேரமா?” என்றாள். “இவ்வளவு நேரமா பிடிச்சிருந்தீங்க?”

நான்காவது நிமிடம் முடிந்ததும் அவன் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக விட்டான். அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குத்தான் இருவரும் ஒன்றாக அழுதார்கள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க,” என்றாள். சொல்லவில்லை.

மெக்கானிக் மறுபடி லிஃப்ட் குழிக்குள் இறங்கவில்லை. கம்பெனியின் உதிரிபாகப் பட்டறையில், தரைத் தளத்தில், பழைய மோட்டார்களைப் பிரித்துச் சரிபார்க்கும் வேலைக்கு மாறிக்கொண்டான். கை பெரும்பாலும் திறந்திருக்கிறது. சில நாள் மூடிக்கொள்ளும். அப்போது வேலையை நிறுத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் போவான். பட்டறையில் இருப்பவர்கள் முதலில் கேலி செய்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வீங்கிப்போன மனைவியும் பதினான்காம் எண் அறைக்குப் போனாள். இந்த முறை அவன் வெளியே பெஞ்சில் காத்திருந்தான். முக்கால் மணி நேரத்தில் உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கதவு திறந்தபோது அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தன. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. நான் அழுதேன். அவங்க பக்கத்துல இருந்தாங்க.” பிறகு, தனக்கே ஆச்சரியமாக இருப்பதுபோல், “பசிக்குதுங்க,” என்றாள்.

அவன் எழுந்தான். இருவரும் மருத்துவமனை கேண்டீனை நோக்கி நடந்தார்கள்.